சிவகாசியில் இடம் மாறிய ஸ்டீயரிங்

மலேசியாவில், கிள்ளானில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவர்கள் செய்யும் தவறுகளைச் சத்தம் போட்டுச் சொல்வதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட நான் மதுரையிலிருந்து விருதுநகர் வரை வாயைத் திறக்காமல் வந்தேன் என்று சொன்னால் என் மாணவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். காரணம் இரண்டு. ஒன்று, வாடகை வண்டி டிரைவர் பால்பாண்டி ஓட்டிய வேகத்தில் வாயைத் திறந்தால் அலறல்தான் வந்திருக்கும். இரண்டாவது, வண்டி அந்த ஜப்பான் கம்பெனி செய்தது. மரியாதை தானாக வந்துவிட்டது.

கம்பெனியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் விளம்பரம் செய்கிறேன் என்று கணேசன் சொல்வார். கணேசன் யார் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். பெயர் இல்லாமலே உங்களுக்குப் புரியும். கல்யாண வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேரை இறக்கிவிட்டு, இன்னும் ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போகிறதே ஒரு வெள்ளை வண்டி, அதேதான்.

"மீட்டர் நின்னு ரொம்ப நாளாச்சு டீச்சர்" என்றார் பால்பாண்டி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் என்று சொன்ன நிமிடத்திலிருந்து நான் அவருக்கு டீச்சர். "வண்டி மட்டும் நிக்கல. மொதலாளி வாங்கும்போதே செகண்ட் ஹேண்டு. எத்தனை தடவ இருக்கன்குடி போயிட்டு வந்திருக்கும், அந்த மாரியாத்தாளுக்குத்தான் தெரியும். ஆயில் மாத்துவோம், டயர் மாத்துவோம். வேற ஒண்ணும் கேக்காது."

எங்கள் ஊரிலும் இதே பேச்சுதான். கிள்ளானில் இந்தக் கம்பெனியின் பழைய காரை விற்கிறவர்கள் நேற்றுத்தான் வாங்கியதுபோல விலை சொல்வார்கள். கேட்பவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கார் திருடர்களுக்கும் அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. ஒரு கம்பெனிக்கு இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் எதுவும் இருக்க முடியாது என்பது என் கட்சி.

வந்த காரியத்தைச் சொல்கிறேன். அந்தக் கம்பெனியின் பழைய கார்களை வைத்திருப்பவர்கள் சேர்ந்து கிள்ளானில் ஒரு சங்கம் நடத்துகிறோம். நான் செயலாளர். இந்த வருட ஒன்றுகூடலுக்குக் கம்பெனியின் வரலாற்றைப் படங்களோடு ஒரு புத்தகமாகப் போடுவது என்று முடிவானது. எழுதியது நான். எங்கே அச்சடிப்பது என்ற பேச்சு வந்தபோது, என் சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரின் அடியில் இருந்த சிவகாசி அச்சகத்தின் பெயரைச் சொன்னேன். கணேசன் சிரித்தார்.

கணேசன் எங்கள் சங்கத்தின் பரிசோதகர். யாராவது காரில் ஒரிஜினல் இல்லாத ஒரு திருகு இருந்தாலும் குனிந்து கண்டுபிடித்துவிடுவார். ஜொகூரில் அவருக்கு அச்சக நண்பர் ஒருவர் உண்டு. "பட்டாசு ஊருல போயி புத்தகம் அடிப்பாங்களா? தொறந்தா வெடிச்சிடப் போகுது லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "புத்தகத்தில் ஒரு தப்பு கண்டுபிடியுங்கள், செயலாளர் பதவியை விட்டுவிடுகிறேன்" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளும் ஆள் நான் இல்லை. அந்தச் சங்கத்தில் ஒரு பெண் செயலாளராவதற்கு எவ்வளவு பேச்சுக் கேட்க வேண்டியிருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். அதனால்தான் கணினியில் பார்த்துச் சரி சொன்ன புத்தகத்தை அச்சாகும்போதும் கண்ணால் பார்த்து, கையோடு எடுத்துப் போகலாம் என்று விமானம் ஏறினேன்.

விருதுநகரில் சாப்பாடு. பொரித்த புரோட்டா. எங்கள் ரொட்டி சானாய் இதற்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். ஆனால் இதை எண்ணெயில் முக்கி எடுத்து, நொறுக்கி, மேலே சால்னாவைக் கொட்டிவிடுகிறார்கள். முதல் கடியில் அப்பளம், அடுத்த கடியில் பஞ்சு. எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த மிளகாய் வத்தல் வியாபாரி ஒருவர் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியூரா? இன்னொண்ணு வாங்கிச் சாப்பிடுங்க. ஒண்ணோட எந்திரிச்சா கடைக்காரன் கோவிச்சுக்குவான்."

சாப்பிட்டேன். என் புத்தகம் எதைப் பற்றி என்று கேட்டார். சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க குடோன் வாசல்ல நிக்கிது ஒண்ணு. நான் கிளவனாயிட்டேன், அது இன்னும் எளந்தாரியாத்தான் இருக்கு" என்றார். போகும்போது என் பில்லையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். புத்தகத்துக்கு முதல் வாசகர் கிடைத்துவிட்டார் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

சிவகாசியில் ஜெபராஜின் அச்சகம் திருத்தங்கல் போகும் சாலையில் இருந்தது. தீபாவளி முடிந்துவிட்டால் பட்டாசுக்காரர்கள் கொஞ்சம் மூச்சு விடுவார்கள், அச்சகக்காரர்களுக்கு அப்போதுதான் மூச்சு முட்டும். காலண்டர் சீசன். வாசலில் இருந்து உள்ளே போவதற்கே முருகனையும் மாதாவையும் பிள்ளையாரையும் கட்டுக்கட்டாகத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஜெபராஜுக்கு என் வயதுதான் இருக்கும். வெள்ளைச் சட்டையில் நாலு நிற மையும் இருந்தது.

"வாங்கக்கா, வாங்க. சாப்பிட்டீகளா? புத்தகம் நாளைக்குக் காலைல மிஷின்ல ஏறிரும். நாளை ஒருநாள்தான் உங்களுக்கு மிஷின். அதுக்கப்புறம் எல்லாம் காலண்டர்தான். நாளைக்கு விட்டா பொங்கல் கழிச்சுத்தான் கேக்கணும்."

சரி என்றேன். ஒன்றுகூடல் ஞாயிற்றுக்கிழமை. விமானம் சனிக்கிழமை. பொங்கல் என்ற சொல்லையே நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று மாலை தங்கும் விடுதிக்குப் போகும் வழியில் பால்பாண்டிக்குப் புத்தகத்தின் கதையைச் சொன்னேன். கம்பெனி காரில் ஆரம்பிக்கவில்லை, தறியில் ஆரம்பித்தது. ஓர் இழை அறுந்தாலும் தானே நின்றுவிடும் ஒரு தறியை அப்பா செய்தார். அந்தத் தறிக்குக் கிடைத்த பேரில் மகன் காருக்குப் போனார். அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி, திருகு திருகாகக் கழற்றிப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். குடும்பப் பெயரில் ஓர் ஒலியை மாற்றிக் கம்பெனிக்கு வைத்தார்கள். அப்படி எழுதினால் ஜப்பானிய எழுத்தில் எட்டுக் கோடு வரும், எட்டு அவர்களுக்கு ராசி.

"பாத்தீகளா! நியூமராலஜி அங்கனயும் உண்டு" என்று ஸ்டீயரிங்கைத் தட்டினார் பால்பாண்டி. எதிரே பட்டாசுக் கம்பெனி வேன் வந்துகொண்டிருந்தது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும் என்று அப்போதுதான் முதல் முறையாக டீச்சராக வாயைத் திறந்தேன்.

இன்னொன்றும் சொன்னேன். அந்தக் கம்பெனி பிறந்த வட்டாரம் ஜப்பானில் வாணவேடிக்கைக்கும் பேர்போன இடம். ஆட்கள் மூங்கில் குழாயில் மருந்தை அடைத்து, இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கொளுத்துகிறார்கள். இதைக் கேட்டதும் பால்பாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தியே விட்டார். "அப்ப அது ஜப்பான்ல இருக்கிற சிவகாசின்னு சொல்லுங்க!" அன்று ராத்திரிக்குள் இந்தச் சேதி ஜெபராஜின் அச்சகம் முழுக்கப் பரவியிருந்தது. மறுநாள் காலை நான் உள்ளே நுழைந்தபோது எனக்கு டீயோடு சாத்தூர் சேவும் வந்தது.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. காளிராஜ் என்ற ஆபரேட்டர் சட்டென்று ஒரு ஷீட்டை உருவி, மேசையில் விரித்து, லென்ஸை வைத்து நிறம் பார்த்தார். ஒரு ஃபாரம் என்று அவர்கள் சொல்லும் பதினாறு பக்கமும் ஒரே ஷீட்டில் தலைகீழும் நேருமாகக் கிடந்தன. நானும் குனிந்தேன். கம்பெனியின் முதல் கார். அழகாக வந்திருந்தது. கறுப்பு மினுமினுத்தது. ஆனால் ஏதோ ஒன்று உறுத்தியது. என்ன என்று தெரியவில்லை. இன்னொரு முறை பார்த்தேன்.

ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது.

ஜப்பான்காரர்கள் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். ஸ்டீயரிங் வலது பக்கம்தான் இருக்க வேண்டும். அடுத்த பக்கத்தைப் பார்த்தேன். அமெரிக்காவுக்கு முதலில் அனுப்பிய கார். அது அவர்களுக்காகவே இடது ஸ்டீயரிங் வைத்துச் செய்தது. அதில் ஸ்டீயரிங் வலது பக்கம் இருந்தது. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று தெரியாத புத்தகத்தை எழுதியவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். கணேசனின் சிரிப்பு எனக்கு அங்கேயே கேட்டது.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

காளிராஜ் என்னை ஒரு பார்வை பார்த்தார். கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார். காலண்டர் சீசனில் அந்த மிஷின் நடுவில் நின்றதைப் பார்த்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள். உள்ளறையிலிருந்து ஜெபராஜ் ஓடி வந்தார்.

"ஏலே காளி, யாரக் கேட்டுலே நிறுத்துன?"

காளிராஜ் நிதானமாக அதே ஷீட்டின் ஒரு மூலையைக் காட்டினார். "இந்தா, நீங்களே படிங்க மொதலாளி. அந்தக் கம்பெனில கயிறு ஒண்ணு கட்டி விட்டிருப்பாகளாம். தப்பு கண்ணுல பட்டா யார் வேணும்னாலும் இளுத்து மொத்த வேலையும் நிறுத்தலாமாம். யாரும் வைய மாட்டாகளாம். காலைலேர்ந்து அதத்தான் அச்சடிச்சுக்கிட்டு இருக்கோம்."

நான் எழுதியதை யாராவது அவ்வளவு சிரத்தையாகப் படிப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. கோபமும் பெருமையும் ஒரே நேரத்தில் வந்தன.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. நான் சரி சொன்ன பிறகு, அச்சுக்கான பிளேட் போடுவதற்கு முன்னால் படங்களைச் சரிபார்த்தவள் ஷீபா என்ற பெண். லாரி செட், டயர் கடை, டிராவல்ஸ் காலண்டர்களில் அவள் கை தேர்ந்தவள். அந்த வேலையில் ஓர் ஐதீகம் உண்டு. படத்தில் வண்டி வலது பக்கம் பார்த்துத்தான் போக வேண்டும். இடது பக்கம் பார்த்துப் போகிற வண்டியை எந்த லாரி முதலாளியும் தன் காலண்டரில் வாங்க மாட்டார். அது வீட்டை விட்டுப் போகிற வண்டியாம். என் புத்தகத்தில் பாதிப் படங்கள் இடது பக்கம் பார்த்தன. அக்கா வெளிநாட்டிலிருந்து ஆசையாகப் போடுகிற புத்தகம், நல்லபடியாக இருக்கட்டும் என்று அத்தனை வண்டிகளையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிவிட்டாள்.

"நம்பர் பிளேட்டு எளுத்தெல்லாம் தலமாறிப் போச்சுன்னு ஒண்ணொண்ணா திரும்ப எளுதி வச்சேன் டீச்சர்" என்றாள் ஷீபா. கண் கலங்கியிருந்தது. "ஸ்டீயரிங்க மட்டும் நெனைக்கவே இல்ல."

அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடப் பிசகவில்லை. தெரியாத மொழியை எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்திருக்கிறாள். படங்களைப் பழையபடி திருப்ப எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டேன். மத்தியானத்துக்குள் முடித்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

பிளேட் வந்துவிடும், மிஷின் எங்கே? அதுதான் கேள்வி. ஜெபராஜ் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். சாயங்காலம் காலண்டர் ஏறியே ஆக வேண்டும். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்தார். எடுத்தது சும்மா இல்லை. தன் அச்சகத்தில் தப்பு நடந்துவிட்டது என்று போட்டிக்காரர்களிடம் தன் வாயாலேயே சொல்லப் போகிறார். சீசனில் அது எவ்வளவு கசப்பு என்று பக்கத்தில் நின்றவர்களின் முகத்தில் தெரிந்தது.

"அண்ணாச்சி, ஜெபராஜ் பேசுதேன். ஒரு தப்பு நடந்து போச்சு. மூடி மறைக்க முடியாது. நாலு ஃபாரம் இருக்கு. உங்க மிஷின் எப்ப சும்மா இருக்கும்?"

திருத்தங்கலில் ஓர் அண்ணாச்சி, மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் போகிற நேரத்தைக் கொடுத்தார். சிவகாசியில் இன்னொருவர் சாயங்காலம் பிளேட் மாற்றுகிற இடைவெளியைக் கொடுத்தார். மூன்றாவது ஆள் நாலு வசவோடு காலை நேரத்தைக் கொடுத்தார். நாலாவது ஃபாரத்துக்கு ஜெபராஜே தன் காலண்டரைக் கொஞ்சம் தள்ளிவைத்தார். பைண்டிங் ஓரிடம், அட்டை ஓரிடம். பத்தே நிமிடத்தில் என் புத்தகம் இரண்டு ஊருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டது.

என் புத்தகத்தில் இதையும் எழுதியிருக்கிறேன். அந்தக் கம்பெனி உதிரி பாகங்களைக் குடோனில் குவித்து வைப்பதில்லை. சுற்றியுள்ள ஊர்களில் செய்து, தேவைப்படுகிற நேரத்தில், தேவைப்படுகிற அளவு வந்து சேருகிறது. உலகமே அங்கே போய்ப் பார்த்துப் பாடம் எழுதிக்கொண்டு வந்தது. இங்கே யாரும் பாடம் எழுதவில்லை. "அங்கன ஒரு மணி நேரம், இங்கன ரெண்டு மணி நேரம்" என்று நடத்திவிடுகிறார்கள். எனக்கு அப்போது கைதட்ட வேண்டும்போல இருந்தது.

திருத்தங்கலில் முதல் ஃபாரம் இரண்டு பக்கமும் அச்சாகி வந்தது. மை முழுக்கக் காயவில்லை. காய விட்டால் நேரம் போய்விடும். ஷீட்டுகளைப் பலகையில் அடுக்கி, பின் இருக்கைகளை மடித்து, வண்டிக்குள் ஏற்றினோம். பைண்டிங் சிவகாசியில். வழியில் ரயில்வே கேட். அது மூடப் போவதைத் தூரத்திலேயே பார்த்த பால்பாண்டி, பிடித்துவிடலாம் என்று ஒரு மிதி மிதித்தார். பிடிக்க முடியவில்லை. கேட் கம்பிக்கு ஒரு முழம் முன்னால் வண்டி குலுங்கி நின்றது. ஷீட்டுகள் நிற்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, முன் இருக்கையில் வந்து மோதின. கறுப்பு மை பக்கம் பக்கமாகத் தீற்றலாக இழுவியிருந்தது.

ரயில் வந்து, போய், கேட் திறந்தது. பின்னால் நின்ற மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"மன்னிச்சிருங்க டீச்சர்" என்றார் பால்பாண்டி கடைசியில். குரல் உள்ளே போயிருந்தது.

"அந்தக் கம்பெனி முதல் முதலில் விற்ற லாரிகள் வழியெல்லாம் நின்றன" என்றேன். எதற்கு அப்போது அதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. "கம்பெனி ஆட்களே நின்ற இடத்துக்குப் போய், நின்ற லாரிக்கு அடியில் படுத்துச் சரிபண்ணினார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பிய கார் அங்கே பெரிய சாலையில் ஓட முடியாமல் மூச்சு வாங்கியது. விற்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து, வேறு கார் செய்து கொண்டுபோனார்கள். இப்போது பாருங்கள்."

"அப்ப திரும்பப் போவோம்கிறீக."

"திரும்பப் போவோம். ஆனா இந்த முறை வண்டிய நான் ஓட்டுறேன்."

அவர் முகம் மாறிவிட்டது. "டீச்சர், இந்த ஸ்டீயரிங்க மொதலாளியே தொட்டது கெடையாது."

"என் லைசென்ஸ் வெளிநாட்டுக்கும் செல்லும். எனக்கு ஓட்டத் தெரியாது என்று நினைக்கிறீர்களா?"

"அதுக்கில்ல..." என்று இழுத்தார். இறங்கினார். பின்னால் போய், பாழான ஷீட்டுகளை ஒதுக்கிவிட்டு, அடுத்த லோடுக்கு இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்த மனிதர் அப்போது எதை விட்டுக்கொடுத்தார் என்பது வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

திருத்தங்கல் அண்ணாச்சி பாழான ஷீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், பிறகு மிஷினைத் திருப்பி ஓட்டச் சொன்னார். அவருடைய ஆட்களின் டீ நேரம் எங்களுக்குப் போனது. டீயை மிஷின் பக்கத்திலேயே நின்று குடித்தார்கள்.

நான் ஓட்டினேன். என் மாணவர்களுக்கு முதல் பாடமாக நான் சொல்வது இதுதான்: பிரேக்கைக் காலால் போடாதே, கண்ணால் போடு. தூரத்தில் பார்த்தால் கால் அவசரப்பட வேண்டியதில்லை. அந்தப் பாடத்துக்கு அன்றைக்குத்தான் எனக்குப் பரீட்சை வந்தது. பட்டாசுக் கம்பெனி விட்டு வேன்கள் வரிசையாக வந்தன. ஒருவர் பைக்கில் காலண்டரின் விளிம்பில் பொருத்தும் தகட்டுக் கட்டைக் குறுக்கே வைத்துக்கொண்டு, சாலையின் பாதியை எடுத்துக்கொண்டு போனார். வர்ணம் அடிக்காத வேகத்தடைகள், நாங்கள் வருவதற்காகவே காத்திருந்த ஆடுகள். வண்டியோ என் சொல்லைக் கேட்டது. கிளச் எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்பது அறிமுகமே தேவைப்படாமல் காலுக்குத் தெரிந்தது. கிள்ளானில் நிற்கும் என் பழைய காரின் அதே குணம்.

"டீச்சர், ஹாரன் அடிக்கவே மாட்டேங்கிறீகளே" என்றார் பால்பாண்டி பின்னாலிருந்து.

"எதிரில் வருகிறவருக்குத்தான் நான் வருவது தெரிகிறதே?"

"தெரிஞ்சாலும் அடிக்கணும் டீச்சர். ஒரு மரியாதைக்கு."

அடித்தேன். தகட்டுக்காரர் உடனே ஒதுங்கி, கையை அசைத்து வழிவிட்டார். இதை என் பாடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கேட்டில் வேகத்தைத் தேய்த்துத் தேய்த்து நிறுத்தினேன். பின்னால் ஒரு காகிதம்கூட அசையவில்லை. பைண்டிங் வாசலில் பால்பாண்டி ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு இளுவல் இல்ல!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு இனிப்பாக இருந்தது. அன்று மாலையும் மறுநாள் காலையும் மீதி மூன்று ஃபாரங்களையும் நானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தேன். இரண்டாவது நடையில் தூறல் பிடித்தது. பால்பாண்டி தன் சட்டையைக் கழற்றி ஜன்னல் இடுக்கில் செருகிவிட்டு, பனியனோடு உட்கார்ந்து வந்தார்.

புறப்படுகிற நாள் காலையில் புத்தகம் கட்டிங் மிஷினில் மூன்று பக்கமும் வெட்டுப்பட்டு, சூடாக என் கையில் வந்து விழுந்தது. ஜெபராஜ், காளிராஜ், ஷீபா, நான் நாலு பேரும் தலையோடு தலை முட்டப் பக்கம் பக்கமாகத் திருப்பினோம். ஒவ்வொரு காரிலும் ஷீபா விரலை வைத்து, "வலது, வலது, வலது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அமெரிக்கப் பக்கத்தில் நிறுத்தி, "இது எடது, இதுதான் சரி" என்று என்னைப் பார்த்தாள். எல்லா வண்டியும் வலது பக்கம் பார்த்துப் போகவில்லையே என்ற வருத்தம் மட்டும் அவளுக்கு இருந்தது. ஜெபராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போய்ச் சேந்ததும், அந்த ஆளு பாத்ததும் போன் பண்ணுங்கக்கா. எந்நேரமானாலும் பரவால்ல" என்றார். அவருக்கும் அது வெறும் ஆர்டராக இல்லாமல் போயிருந்தது.

கிள்ளானில் மண்டபம் நிறைந்திருந்தது. வெளியே எங்கள் கார்கள் துடைத்து நிறுத்தப்பட்டிருந்தன. உள்ளே எங்கள் ஊர்ப் பால் டீயான தே தாரேக் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் குடிக்கவில்லை, எல்லாரும் கணேசனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை மேசையில் விரித்து உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கத்தைத் திருப்புவார். நிறுத்துவார். சக்கர மூடியைப் பார்ப்பார், விளக்கைப் பார்ப்பார், நம்பர் பிளேட்டைப் பார்ப்பார். அமெரிக்கப் பக்கம் வந்தது. அவர் விரல் நேராக ஸ்டீயரிங்கில் போய் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எடது" என்றார்.

"எடது" என்றேன்.

மறுபடி குனிந்தார். கடைசிப் பக்கம் வரை போனார். புத்தகத்தை மூடி, அட்டையைக் கையால் ஒருமுறை தடவினார். பிறகு யாரையும் பார்க்காமல், "எனக்கு ரெண்டு குடுங்க" என்றார்.

மண்டபம் கலகலத்தது. நான் மூலைக்குப் போய் ஜெபராஜைக் கூப்பிட்டேன். காலண்டர் சீசன், ஞாயிற்றுக்கிழமையிலும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

"பாத்துட்டாரு!" என்றேன்.

"என்னக்கா? கேக்கல! மிஷின் ஓடுது, சத்தமாச் சொல்லுங்க!"

கணேசன் இரண்டு புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளித்தான் நின்றார். மண்டபத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கட்டும் என்று தோன்றியது. வாயில் கையைக் குவித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்:

"ஒரு தப்புகூட இல்ல!"